பின்வரிசை காட்டும் டிவி

மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஜெனோவா அந்த டிவியை வாங்கினாள். மலிவு என்ற அதே காரணத்துக்காக ஆவரந்துறை ஊரே அதைக் குறை சொன்னது. ஆனாலும் அந்தக் கடற்கரையில் வந்து இறங்கிய எந்தச் சாமானையும், புதுக் கோயில் மணியைக்கூட, மச்சாது அண்ணாச்சியின் முதல் விசைப்படகைக்கூட, ஊர் அத்தனை அக்கறையாக உட்கார்ந்து எடை போட்டுப் பார்த்ததில்லை.

தூத்துக்குடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்தே கொண்டுவந்த டிவியை அவள் வாசலில் இறக்கியதும், எதிர்ப்பக்கத்து டீக்கடை சந்தியாகு கரண்டியைப் போட்டுவிட்டு வந்து அதைத் தூக்கிப் பார்த்தார். உலகத்தில் எந்தப் பொருளையும் தூக்கிப் பார்த்துத்தான் அவர் கருத்துச் சொல்வார். தர்பூசணியையும் அப்படித்தான், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கொண்டுவந்த பழப்பையையும் அப்படித்தான்.

“என்ன பிள்ள, கனமே இல்லையே. உள்ள சாமான் வச்சானா, வைக்க மறந்துட்டானா?”

“இப்ப வாரது எல்லாம் இப்படித்தான் அண்ணாச்சி. தட்டையா இருக்கும்.”

“அப்பளமும் தட்டையாத்தான் இருக்கு. அதுல படம் தெரியுமா?”

படம் தெரிந்தது. ஆனால் திரையில் வந்த எல்லா முகமும் மஞ்சள் பூசிக் குளித்த முகமாகத் தெரிந்தது. கறுப்பு என்று எதுவும் கறுப்பாக வராமல் சாம்பலாக வந்தது. கிரிக்கெட் பந்து வால்முளைத்த நட்சத்திரம்போல ஒரு வாலை இழுத்துக்கொண்டு போனது. சத்தம் மணலில் புதைத்த தகரடப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ரிமோட்டின் மூடி நிற்காததால் முதல் நாளே அதற்கு ரப்பர் பேண்ட் போட வேண்டியதாயிற்று. கீழே ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் இரண்டாம் நாள் கடற்காற்றில் எழுத்து எழுத்தாக உதிர்ந்து போனதால், அதைச் செய்தவன் யார் என்று திட்டுவதற்குக்கூட ஒரு பெயர் இல்லாமல் போனது. ஏழு விசைப்படகுகளுக்கும், ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் விலை உயர்ந்த டிவி ஒன்றுக்கும் சொந்தக்காரரான மச்சாது அண்ணாச்சி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாவு வீட்டில் நிற்பதுபோல் கொஞ்சநேரம் நின்றார்.

“ஒரு வருசம் தாங்குனா உன் அதிர்ஷ்டம்.”

“வாரண்டியும் ஒரு வருசந்தான் அண்ணாச்சி,” என்றாள் ஜெனோவா.

அவள் அதைப் படத்துக்காக வாங்கவில்லை. மாமியார் அமலோற்பவம் கோயில் படியில் வழுக்கி இடுப்பு எலும்பு விட்டுப்போய்க் கட்டிலோடு கிடந்தாள். ஜெனோவா விடிந்ததும் இறால் கம்பெனிக்குப் போய் இறால் உரித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பும்வரை, கிழவிக்குப் பேச்சுத்துணை சுவரில் தொங்கிய மகனின் போட்டோ மட்டும்தான். மகன் கஸ்பார், ஜெனோவாவின் புருசன், ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில் தனியாக வள்ளத்தில் கடலுக்குப் போனவன். வள்ளம் திரும்பி வந்தது, வலை திரும்பி வந்தது, சோறு கொண்டுபோன தூக்குச்சட்டிகூடக் காலியாகித் திரும்பி வந்தது, அவன் வரவில்லை, அவன் உடலும் வரவில்லை. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அன்றுமுதல் இரண்டு பெண்களும் ஒரே மனிதனை இரண்டு விதமாக நேசித்துக்கொண்டு கிடந்தார்கள்.

தாய்க்கு அவன் செத்துப்போனவன். வருடா வருடம் நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளன்று ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் கூடும்போது, இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்கள். அப்படி வாசிக்கப்படாத ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் நாதியற்றுக் கிடக்கும் என்று அவள் நம்பினாள். மனைவிக்கு அவன் உயிரோடு எங்கோ இருப்பவன். இருப்பவன் பெயரைச் செத்தவர்களோடு சேர்த்து வாசிப்பதற்கு அவள் சம்மதிக்கவில்லை. பெண்டாட்டி சொல்லாமல் புருசன் பெயரைச் சேர்ப்பதில்லை என்பது பங்கின் வழக்கம்.

“என் பிள்ள எரிஞ்சிக்கிட்டு கெடக்கான்டி. ஒரு சொட்டு தண்ணி தெளிக்க விடமாட்டேங்கியே பாவி.”

“எங்கயோ உக்காந்து கஞ்சி குடிக்குத மனுசனுக்கு இங்க குழி வெட்டச் சொல்லுதீங்களே மாமி.”

ஒவ்வொரு நவம்பரிலும் இந்தச் சண்டை நடந்தது, ஒவ்வொரு நவம்பரிலும் பெயர் வாசிக்கப்படவில்லை, அதன்பின் ஒரு வாரம் இருவரும் பேசாமல் இருந்து, இருப்பது ஒரே அடுப்பு என்பதால் மறுபடி பேசினார்கள்.

டிவி வந்து இரண்டாம் வாரம், ஒரு சாயங்காலச் சீரியலில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது, கட்டிலில் சாய்ந்து கிடந்த அமலோற்பவம் கையை நீட்டினாள்.

“ஏட்டி, மேடைக்குப் பின்னால பாரு. பன்னீர்ச் செம்போட நிக்கது நம்ம லூர்து மைனிதான?”

ஜெனோவா வெங்காயம் அரிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா மாமி. அந்த ஊதாச் சேலைதான். நாமதான உடுத்தி அனுப்புனோம்.”

லூர்து மைனி செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

“மஞ்சக்காமால புடிச்சவ மாதிரி இருக்காளே.”

“அது டிவி அப்படி மாமி. மத்தபடி நல்லாத்தான் இருக்காவ.”

அவ்வளவுதான் பேசினார்கள், ஏனென்றால் திரையில் மணப்பெண்ணின் பாலில் யாரோ விஷம் கலந்துகொண்டிருந்தார்கள், அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு ஊருக்குத் தெரிந்தது, தெரிந்த வேகத்தில் பழகியும் போனது. ஆவரந்துறையில் செத்தவர்கள் அந்த டிவியில் மட்டும், கூட்டம் கூடுகிற காட்சியில் மட்டும், எப்போதும் பின்வரிசையில் மட்டும் வந்து நின்றார்கள். பேசவில்லை, காமிராவைப் பார்க்கவில்லை, எந்தச் சேலையில் எந்தச் சட்டையில் போனார்களோ அதிலேயே வந்தார்கள், எந்த வயதில் போனார்களோ அந்த வயதிலேயே வந்தார்கள். தூத்துக்குடிக்குக்கூடத் தனியாகப் போயிராத லூர்து மைனி, ஊரில் ஒருவருக்கும் பெயர் தெரியாத ஒரு நாட்டின் கால்பந்து மைதானத்தில் யாருடைய கொடியையோ வாங்கி வீசிக்கொண்டிருந்தாள். திருவிழா நாடகத்தில் விசிலடித்தவர்களைக் கோயிலைவிட்டு ஒரு மாதம் தள்ளிவைத்த பழைய பங்குச்சாமியார் கபடிப் போட்டியில் இரண்டு விரலை வாயில் வைத்து நின்றார். அடுப்படியைத் தவிர எதையும் பார்க்காமல் செத்துப்போன பெண்கள் எல்லாம் பனிமலை ஓரத்திலும், குதிரைப் பந்தயத்திலும், பாரிஸ் நகரத்து ஜவுளிக் கண்காட்சியிலும் இடுப்பில் கைவைத்து நின்று சாவகாசமாக வேடிக்கை பார்த்தார்கள். கடலோடு போனவர்கள் மொத்தமாக ராஜஸ்தானத்து ஒட்டகச் சந்தையில் தென்பட்டார்கள். தண்ணீரே இல்லாத இடமாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள் என்று ஊர் புரிந்துகொண்டது, அது நியாயம்தான் என்றும் சொன்னது.

அந்த ஒட்டகச் சந்தையில் கஸ்பார் இல்லை. ஜெனோவா திரையோடு மூக்கு ஒட்டும்படி நின்று பார்த்தாள். இல்லை.

சாயங்காலம் ஆனால் ஜெனோவா வீட்டில் இடம் கொள்ளவில்லை. பாய், முக்காலி, கோயில் பெஞ்சு ஒன்று என்று வந்து சேர்ந்தன. ரிமோட்டைத் தொடும் உரிமை அமலோற்பவத்துக்கு மட்டும் என்று ஊர்க் கமிட்டி தீர்மானித்தது. ஆளில்லாத தோட்டத்தில் காதலர்கள் பாடும் பாட்டுகளை ஒருவரும் சீந்தவில்லை. கல்யாணக் காட்சிக்குச் சிக்கனமாக ஆள் பிடித்த சீரியல்காரர்களை ஊர் காறித் துப்பியது.

“பெரிய பணக்காரன் வீட்டுக் கல்யாணம்னு சொல்லுதான், பத்து பேரை நிக்க வச்சிருக்கான் கஞ்சப்பய. நம்ம ஆளுக எங்க நிப்பாவ?”

பெட்டியில் வைத்து அனுப்பும் துணிமணிகளின் தரம் அந்த வருடம் ஆவரந்துறையில் வெகுவாக உயர்ந்தது. பீரோவில் பூட்டிவைத்த கல்யாணப் பட்டுகளை மருமகள்கள் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல திடத்தோடு இருந்த ஒரு முதியவர் தையல்காரரிடம் போய்த் தனக்கு ஒரு பேண்ட் அளவெடுக்கச் சொன்னார். நான் கிரிக்கெட் பாக்கப் போறவன், வேட்டி காத்துல பறக்கும் என்றார். இப்போதைய பங்குச்சாமியார் பிரசங்கத்தில் டிவியைப் பற்றி ஆதரித்தும் பேசவில்லை, கண்டித்தும் பேசவில்லை. ஆனால் தனியாகப் பார்த்தபோது, நமக்கு முந்தின சாமியார் முகத்தில் நிம்மதி தெரிகிறதா என்று ஜெனோவாவிடம் மெல்லக் கேட்டார்.

ஒருநாள் டிவி விற்ற கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, பொருள் திருப்தியாக இருக்கிறதா, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டாள். ஜெனோவா போனை ஸ்பீக்கரில் போட, அறையில் இருந்த எல்லோரும் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

“படத்துக்கு மூணு.”

“ஏல, மூணு அதிகம். ரெண்டு.”

“சத்தத்துக்கு ஒண்ணு. ரிமோட்டுக்கு முட்டை.”

“ஆளுகளுக்கு?” என்றாள் அமலோற்பவம்.

“ஆளுகளுக்குப் பத்தே குடுக்கலாம்,” என்றார் சந்தியாகு, செத்துப்போன அம்மாவை முந்தின நாள்தான் திருச்சூர்ப் பூரத்தில் பார்த்திருந்தவர்.

“பத்தா, ரெண்டா சார்?” என்றாள் போனில் இருந்த பெண்.

அந்தக் கேள்விதான் ஜெனோவாவின் உயிரில் போய்த் தைத்தது. ஏனென்றால் அந்த டிவி பத்து என்றால், அது ஊரின் செத்தவர்கள் எல்லோரையும் ஒருவர் விடாமல் காட்டுகிறது என்றால், இத்தனை கூட்டத்தில் ஒரு தடவைகூடத் தட்டுப்படாத கஸ்பார் உயிரோடு இருக்கிறான். அது இரண்டு என்றால், மலிவு டிவி நூறில் ஒருவனை விட்டுவிடும், அவ்வளவுதான். அதுவரை டிவியைத் திட்டிக்கொண்டிருந்த மருமகள் அதற்குப் பரிந்து பேச ஆரம்பித்தாள். அதை மடியில் வைத்துக் கொஞ்சிய மாமியார் குறை சொல்ல ஆரம்பித்தாள்.

“பந்துக்கு வால் காட்டுத பெட்டி. அது சொல்லுததை நம்பி என் பிள்ளைய நெருப்புல விடச் சொல்லுதியா?”

“பந்துக்கு வால் காட்டட்டும் மாமி. செத்த ஆள்ல யாரை விட்டுச்சு, சொல்லுங்க?”

ஊர் சோதனையில் இறங்கியது. அவரவர் வீட்டுச் செத்தவர்களை அவரவர் தேடினார்கள். வைசூரியில் போன குழந்தைகள்வரை ஒருவர் பாக்கியில்லாமல் எங்காவது ஒரு கூட்டத்தில் கிடைத்தார்கள். டிவியின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் சந்தியாகு அதைக் கவிழ்த்தார்.

திருச்சியில் நடந்த ஒரு கட்சி மாநாட்டைச் செய்தியில் காட்டினார்கள். கடைசி வரிசையில், மடியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாட்சாத் சந்தியாகு. அறையில், டீ கிளாசோடு பெஞ்சின் ஓரத்தில், அதே சந்தியாகு. அவர் மனைவி மரிய தங்கம் நெஞ்சில் அறைந்துகொண்டு அலறினாள்.

“முடிஞ்சுது,” என்றார் மச்சாது. “உசுரோட இருக்கவனையும் காட்ட ஆரம்பிச்சிட்டு. டிவி போச்சு.”

ஜெனோவாவின் முகம் வெளுத்தது. அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டாள். சந்தியாகுவுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. அதை முதலில் கவனித்தவள் அழுகையை நிறுத்திவிட்ட மரிய தங்கம்தான்.

“இந்த மாநாடு என்னைக்கு நடந்துச்சு?”

“போன சனிக்கிழமைன்னு சொல்லுதான்.”

“போன சனிக்கிழமை நீங்க வேளாங்கண்ணிக்குல்லா போனீங்க?”

“ஆமா. போனேன்.”

“வேளாங்கண்ணில யாரு உங்களுக்கு முட்டையோட பிரியாணி குடுத்தது? மாதாவா?”

ஊரே எழுந்து மச்சாது வீட்டுக்கு ஓடியது. அடுத்த செய்தியில், சுவரளவு டிவியில், அதே மாநாட்டில், சந்தியாகு முட்டையைப் பாதியாகப் பிட்டு வைப்பதுவரை துல்லியமாகத் தெரிந்தது. லூர்து மைனியோ பழைய சாமியாரோ ஒருநாளும் அந்த டிவியில் வந்ததில்லை. அப்போது ஊருக்கு விளங்கியது: செத்தவர்கள் ஜெனோவா வீட்டு டிவியில் மட்டும் வருவார்கள், உயிரோடு ஒரு கூட்டத்துக்கு உண்மையாகவே போனவன் எல்லா டிவியிலும் வருவான், ஜெனோவா வீட்டிலும் வருவான். டிவியின் மானம் காப்பாற்றப்பட்டது, சந்தியாகுவின் மானம் போனது, மரிய தங்கம் மூன்று நாள் கடையைத் தானே நடத்தினாள், டீ முன்னைவிட நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

அக்டோபரில் ரோமாபுரியில் யாருக்கோ புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பெரிய சதுக்கத்துத் திருப்பலிக்கு ஆவரந்துறையின் செத்தவர்கள் மொத்தமும், பாரிசிலிருந்தும் ஒட்டகச் சந்தையிலிருந்தும் கிளம்பி, பட்டும் சரிகையுமாக வந்து கூடிவிட்டார்கள். பின்வரிசையில் அவர்களுக்குள் இடித்துக்கொள்வதுகூடத் தெரிந்தது.

“இதுக்கு என் மவன் வராம இருக்க மாட்டான்,” என்றாள் அமலோற்பவம்.

“உசுரோட இருந்தப்ப நம்ம கோயில் பூசைக்கே வந்ததில்ல மாமி உங்க மவன்.”

காமிரா வலமிருந்து இடமாக வந்தது. ஒவ்வொரு முகமாக ஊர் பெயர் சொல்லி எண்ணியது. இடது ஓரத்துத் தூணை நெருங்கும்போது, மலிவு டிவிகளுக்கே உரிய முறையில், படம் அப்படியே உறைந்து நின்றது. சந்தியாகு அதன் முதுகில் தட்டினார். படம் மறுபடி ஓடியபோது புறாக்கள் பறந்துகொண்டிருந்தன.

“அந்தத் தூணுக்குப் பின்னாலதான் நின்னிருப்பான்,” என்றாள் தாய்.

“நிக்கல,” என்றாள் மனைவி. அன்றிரவு பாயில் புரண்டபடி, ஒரு மனிதனின் உயிர் ஒரு டிவியின் தரத்தில் தொங்குவதை நினைத்து, இன்னும் கொஞ்சம் நல்லதாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக வருந்தினாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. டிவி பார்க்க வருகிறவர்கள் யாரும் வரவில்லை. கேரளத்தில் ஏதோ ஒரு காயலில் நடந்த படகுப் போட்டியை இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கேயும் மழை. நீளப் படகுகள் துடுப்பை ஓங்கி ஓங்கிக் குத்திப் பாய, காமிரா கரையோரத்துக் கூட்டத்தைத் தடவிக்கொண்டு கூடவே ஓடியது. லூர்து மைனி ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தாள். அவளுக்குச் சற்றுத் தள்ளி, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குடை அவன் தலைக்குமேல் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் தலைக்குமேல் இருந்தது. அவன் நனைந்துகொண்டிருந்தான், சிரித்துக்கொண்டிருந்தான், அவன் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தை அவன் காதுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு படகுகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. தொப்பை விழுந்திருந்தது. செத்தவர்களுக்குத் தொப்பை விழுவதில்லை.

“கஸ்பாரு,” என்றாள் அமலோற்பவம். படகு போனது, கரை போனது, அவன் போனான்.

மறுநாள் காலை மறுஒளிபரப்பு. மச்சாது வீட்டுக் கூடத்தில் ஊர் முழுக்க நின்றது. அமலோற்பவத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அந்தச் சுவரளவு டிவியில் லூர்து மைனி இல்லை, அவள் பிடித்திருந்த தென்னை மட்டும் தனியாக நின்றது. சற்றுத் தள்ளி ஆள் உயரத்துக்கு, புருவத்தில் சொட்டும் மழைத்துளிகூடத் தெரியும்படி, கஸ்பார் நின்றான். அங்கே அவன் முகம் மஞ்சளாக இல்லை. நல்ல நிறமாக இருந்தான்.

மச்சாது அண்ணாச்சிதான் முதலில் ஜெனோவா பக்கம் திரும்பினார்.

“உன் டிவி நல்ல டிவிதான் பிள்ள.”

ஜெனோவா தலையாட்டினாள். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: “பதினோரு மழைக்காலம் அவருகூட நடந்திருக்கேன். ஒரு தடவ குடை புடிச்சதில்ல.”

வீடு திரும்பி, ஈரச் சேலையை மாற்றி, ஜெனோவா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கஞ்சியைக் குடித்து முடித்துத்தான் கிழவி கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன வயசிருக்கும்?”

“நாலு இருக்கும்.”

கிழவியின் முகத்தில் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து, மருமகள் பார்ப்பதைக் கண்டதும், முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஜெனோவா பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், கையைத் துடைத்தாள், செருப்பை மாட்டினாள்.

“மழைல எங்க போற?”

“சாமியாரைப் பாக்க. உங்க மவன் பேரைக் குடுத்துட்டு வாரேன். அஞ்சு வருசமாக் கேட்டீங்கல்லா?”

“ஏட்டி! உசுரோட இருக்கவன் பேரையா?” கிழவி கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். “நாலு வயசுப் பிள்ளைக்கித் தகப்பன்டி அவன்!”

பங்குச்சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மழை கொட்டும் ஜன்னலைப் பார்த்தார். “ஊரே பாத்திருக்கும்மா. நான் எப்படி வாசிக்க முடியும்?”

“எனக்கு ஒரு எழவு வேணும் சாமி.”

“ஜெனோவா…”

“கடல் கொண்டுபோச்சுன்னா ஊரு வந்து கூட உக்காந்து அழும். இப்படிப் போனவனுக்கு யாரு வந்து அழுவா? ஒரு நாள் சத்தம்போட்டு அழுதுட்டுப் போயிருதேன். பேரை மட்டும் வாசிங்க.”

“அது பொய்ச்சாட்சிம்மா,” என்றார் அவர், தனக்கே பிடிக்காத குரலில். “வாசிக்க மாட்டேன்.”

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. மணல்மேடுகளில் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் நிறைந்திருந்தன. பொழுது இறங்குகிற நேரம். காற்றுக்குத் தேங்காய்ச் சிரட்டையை மறைப்பாக வைத்து ஊர் முழங்காலில் நின்றது. உபதேசியார் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஊர் ஒரே குரலில் மறுமொழி சொன்னது. முதல் பத்துப் பெயர்வரை கேட்டுச் சொன்னார்கள்; பிறகு கேட்காமலே சொன்னார்கள்; பெயர் வருவதும் மறுமொழி போவதும் அலை வருவதும் போவதுமாக ஆகிவிட, சிலர் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள், சிலர் அணைந்த மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டே சொன்னார்கள், சந்தியாகு கண்ணை மூடிக் கொஞ்சம் தூங்கிக்கொண்டே சொன்னார், வாய்கள் மட்டும் தவறாமல் வேலை செய்தன.

“லூர்து மச்சாது.”

“முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக.”

உபதேசியார் தாளைத் திருப்புவதற்கு விரலை நாக்கில் வைத்தார். அந்த இடைவெளியில், அவர் குரலின் அதே ஏற்றத்தில், அதே இழுப்பில், ஜெனோவா சொன்னாள்:

“கஸ்பார் பர்னாந்து.”

“முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக,” என்றது ஊர். மச்சாது சொன்னார், மரிய தங்கம் சொன்னாள், பங்குச்சாமியார் கைகளை விரித்தபடி சொன்னார், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அமலோற்பவம் எல்லோரையும்விடக் கணீரென்று சொன்னாள்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது. கிழவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உபதேசியாரின் விரல் நாக்கிலேயே நின்றது. எல்லோரும் சாமியாரைப் பார்க்க, சாமியார் வானத்தைப் பார்த்தார். அங்கே அவருக்கு உதவி எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. சொன்ன ஜெபத்தைத் திரும்ப எடுக்கும் வழி ஒன்றும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

ஜெனோவா மணலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஐந்து வருடத்தில் ஒரு தடவையும் அழாத அழுகையை அழ ஆரம்பித்தாள். ஒரு பெண் அப்படி அழும்போது சும்மா நிற்பதற்கு ஆவரந்துறைப் பெண்களுக்குத் தெரியாது. என்ன ஏது, நியாயமா இல்லையா என்று யோசிப்பதற்குள் அவர்களுடைய கால்கள் நடந்துவிட்டன, கொண்டைகள் அவிழ்ந்துவிட்டன, தோளில் தோளாகச் சேர்ந்து அவளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. செத்தவனின் தாய் உட்கார வேண்டிய இடம். அவள்தான் ஒப்பாரியை எடுத்துக்கொடுக்க வேண்டும்.

அமலோற்பவம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு, “ஏல, என்னைய இறக்கிவிடுங்கல,” என்றாள். இறக்கிவிட்டார்கள். இடுப்பு வலியில் முனகிக்கொண்டு மணலில் நகர்ந்து வந்து, மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஐந்து வருடமாக நெஞ்சுக்குள் தயாராக வைத்திருந்த ஒப்பாரியை எடுத்தாள். பெற்றதைச் சொன்னாள், வளர்த்ததைச் சொன்னாள், கடல் பார்க்கக் கூட்டிப்போனதைச் சொன்னாள், பெண்கள் நெஞ்சில் அடித்து அடித்துக் கூடப் பாடினார்கள், குரல் ஏறிக்கொண்டே போய் எல்லா ஒப்பாரியும் போய்ச் சேரும் இடத்துக்கு வந்தது.

“போன வழி தெரியலையே என் ராசா, திரும்பி வாடா என்…”

ஜெனோவா அழுகையை நிறுத்தித் தலையை நிமிர்த்தினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“மாமி, அந்த வரிய மட்டும் விட்டுருங்க. காதுல விழுந்து வந்து தொலைச்சாலும் தொலைச்சிருவாரு.”

கிழவி ஒரு கணம் நிறுத்தி யோசித்தாள். பிறகு அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.